அசையாதிருந்தால் இருட்டு

கச்சான் அடங்க ஆறு மணி தாண்டிவிட்டது.
லைஃப் ஜாக்கெட்டுகளை மணலில் பரப்புகிறேன்,
நேற்றைய உப்பு இன்னும் காயாத ஏழு.
பிரெஞ்சுக்காரர் இருவர்,
யாழ்ப்பாணத்து வங்கி உத்தியோகத்தர் இருவர்,
குலதுங்க என்று ஒருவர்,
அவர் மகள் செனுலி, வயது எட்டு,
நான் எமில்டா.
பெயர்களை நேவிக்காரருக்குப் போனில் வாசிக்கிறேன்.
போவது ஏழு என்றால் வருவதும் ஏழாக இருக்க வேண்டும்.
அவர்களுக்கும் அது வேண்டும், எனக்கும்.

மூன்று மொழியிலும் ஒரே பகிடிதான்:
“தோணி கவிழ்ந்தால் பயப்படாதீர்கள்,
டிக்கெட் காசு திருப்பித் தரப்படாது.”
சிங்களத்தில் சொன்னால்தான் கூடச் சிரிப்பு வரும்.
குலதுங்க சிரிக்கவில்லை.
துடுப்பை வாங்கி அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.
பழகின கை.

எங்கள் தோணியில் முன்னால் மகள், நடுவில் அவர், பின்னால் நான்.
சுவாமி மலையின் அடிவயிறு கறுத்துக்கொண்டு வந்தது.
மேலே மாலைப் பூசை மணி.
கீழே கடல் பாறைக்குள் போய்
இருமிவிட்டுத் திரும்புகிறது.
முதல் குகையில் வௌவால்.
இரண்டாவதில் ஒன்றுமில்லை, குளிர் மட்டும்.
மூன்றாவதன் வாயில் நிறுத்தி
ரோச்சையும் போனையும் அணைக்கச் சொன்னேன்.
நிலா இல்லாத நாள்.
கண் இருட்டைப் படிக்கப் பத்து நிமிடமாவது வேண்டும்.

பிறகு
துடுப்பு இறங்கிய இடமெல்லாம் நீலம்,
தூக்கினால் சொட்டுச் சொட்டாய் நீலம்.
தோணிக்கு அடியால் ஒரு மீன் ஓட
ஓடின வழி தெரிந்தது, மீன் தெரியவில்லை.
பிரெஞ்சுக்காரி அழுதாள்.
அநேகமாக ஒவ்வொரு முறையும் யாராவது அழுவார்கள்.
நான் வழமையான பாடத்தைச் சொன்னேன்:
கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள்,
தொட்டால், அடித்தால், கலக்கினால் ஒளிரும்.
அளையுங்கள், கையை விட்டு நல்லா அளையுங்கள்.

அப்போதுதான் குலதுங்க,
முகத்தைத் திருப்பாமல், மகளுக்குக் கேட்காத சிங்களத்தில்,
“தொண்ணூற்றேழில் நான் மேலே காவல் கோபுரத்தில் இருந்தேன், தங்கச்சி.
ராடரை விட இதுதான் உதவி.
கோடு மாதிரி வரும்.
வந்தால் சுட வேண்டும்.”

அதற்கு என்னிடம் பாடம் இல்லை.

தடை போட்ட கடலுக்கு இரவில் போனவர் அப்பா.
துடுப்புக்குச் சாக்குச் சுற்றி வலிப்பார்.
சத்தத்துக்குச் சாக்கு உண்டு.
வெளிச்சத்துக்கு எதைச் சுற்றுவது?
ஓர் ஆவணி இரவு வள்ளம் ஓட்டையாகி
விழுந்தவருக்கு நீந்தத் தெரியும்,
நீந்தினால் ஒவ்வொரு வீச்சும் ஒரு விளக்கு.
ஆகையால் நீந்தவில்லை.
மல்லாந்து, பிணம் மாதிரி,
அலை கொண்டுபோன பக்கம் போய்
இந்தக் குகைக்குள் விடிய விடியக் கிடந்தார்.
மூக்கு அரித்ததாம். சொறியவில்லையாம்.
வீட்டில் அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.
செத்தது பிறகு, சீனி வருத்தத்தில்,
ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

இதில் எதையும் நான் சொல்லவில்லை.
துடுப்புகளை மடியில் வையுங்கள் என்றேன்,
மூன்று மொழியிலும்.
யாரும் அசைய வேண்டாம்.
நீலம் ஓரங்களிலிருந்து அவிந்தது.
குகை எது, தண்ணீர் எது, என் கை எது.
குலதுங்கவின் மூச்சு கேட்டது.
பிறகு அதையும் அடக்கிக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
செனுலிதான் பொறுக்காமல்
கையை மணிக்கட்டு வரை விட்டு
தண்ணீரில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.
முதல் எழுத்து முடிய முன்னமே அழிய, மறுபடியும் முதல் எழுத்து.
அந்த வெளிச்சத்தில் அவர் திரும்பினார்.
முகம் தெரிந்தது.
என்னுடையதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கரைக்கு வந்து போனை எடுத்தேன்.
“ஏழு” என்றேன்.
மறுமுனையில் யாரோ ஒரு பையன்
கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினான்.